நன்றியுரை முடியும் வரை

ஜனவரி 9

அன்புள்ள அக்கா,

இங்கே நானும் என் இருமலும் சுகம். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள் என்று உன் கையெழுத்தில் ஒரு வரி வந்தால்தான் இனி நம்புவேன். மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் அத்தான்தான் எடுத்தார். "அவ குளிச்சிட்டிருக்கா." "அவ வெளியில போயிருக்கா." மறுபடியும், "அவ குளிச்சிட்டிருக்கா." ஒரு மனுஷி இவ்வளவு குளித்தால் கரைந்துபோய்விடுவாள் என்று அவரிடம் சொல்.

செய்தி இதுதான். போன செவ்வாய்க்கிழமை, பஸ் நிலையத்தில் ஐந்தே முக்கால் பஸ்ஸை அறிவித்துவிட்டு மைக்கை அணைத்துத் திரும்பினால், அறை வாசலில் நம் பேச்சு மன்றத்தின் செயலாளர் நிற்கிறார். தலை முழுக்க வெள்ளை. "இன்னும் மைக்கை விடல போலிருக்கே" என்றார். "மைக்குதான் என்னை விடல. ஆனா இங்க நான் பேசினா யாரும் கைதட்ட மாட்டாங்க, ஓடுவாங்க" என்றேன்.

மன்றத்துக்கு வரும் ஆகஸ்டில் ஐம்பது வயதாம். பழைய முதல் பரிசு, இரண்டாம் பரிசுக்காரர்களை மட்டும் வைத்து ஒரு சிறப்புப் போட்டி. ஏட்டைப் புரட்டினாராம். நான்கு வருடம் வரிசையாக முதல் இடத்தில் உன் பெயர். அதே நான்கு வருடம் அதற்குக் கீழே என் பெயர். "நீங்க ரெண்டு பேரும் வரலேன்னா போட்டியே இல்ல" என்கிறார்.

விதி எதுவும் மாறவில்லை. ஏழு நிமிடம். ஆறாவது நிமிடத்தில் ஒரு மணி, ஏழாவதில் இரண்டு. அதற்கு மேல் அரை நிமிடம் தாண்டினால் போட்டியிலிருந்து நீக்கம். நம் மன்றத்தின் அந்த வழக்கமும் அப்படியே இருக்கிறது: இரண்டாம் இடம் வந்தவர் அங்கேயே, தாளில்லாமல், நன்றியுரை சொல்ல வேண்டும். அது முடியும்வரை முதல் இடம் வந்தவர் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும்.

நான் பெயர் கொடுத்துவிட்டேன். உன் பெயரையும் கொடுக்கட்டுமா? அத்தானுக்கு என் விசாரிப்பு. பதிலை எதிர்பார்த்து,

உன் வாலு


பிப்ரவரி 2

அன்புள்ள வாலு,

இருவரும் நலமாகவே இருக்கிறோம். உன் இருமலுக்கு மருத்துவரைப் பார். கடை மாத்திரையை நம்பாதே.

என் பெயரைக் கொடுக்க வேண்டாம். மேடைப் பேச்சில் எனக்கு நம்பிக்கை போய்ப் பல வருடமாகிறது. ஏழு நிமிடத்தில் யாரும் யாருடைய மனத்தையும் மாற்றியதாக எனக்குத் தெரியாது. கைதட்டுகிறவர்களில் பாதிப் பேர் பேச்சு முடிந்த சந்தோஷத்தில் தட்டுகிறார்கள். இருபது வருடம் புள்ளியியல் கற்பித்தவள் சொல்கிறேன்.

இந்தப் பருவத்தில் வகுப்புகளைக் குறைத்துக்கொண்டேன். இருக்கும் வகுப்பிலும் பெரும்பாலும் கரும்பலகையில் எழுதிவிடுகிறேன். மாணவர்களுக்கு அது பிடித்திருக்கிறது, அல்லது பிடித்ததாகக் காட்டிக்கொள்கிறார்கள்.

நீ கலந்துகொள். எதிரே நான் இல்லாவிட்டால் நீ ஜெயிக்க வாய்ப்பு அதிகம். இதற்குக் கணக்கு தேவையில்லை. அத்தான் உன்னை விசாரித்தார். நான் தினம் இரண்டு வேளைதான் குளிக்கிறேன் என்று உன்னிடம் சொல்லச் சொன்னார்.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 11

அன்புள்ள அக்கா,

மருத்துவரைப் பார்த்தேன். பேச்சைக் குறைக்கச் சொன்னார். பஸ் கம்பெனிக்காரரிடம் காட்ட ஒரு சீட்டு எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். மருந்து மட்டும் எழுதினார். உன் உடம்பு தேவலையா? "நலமாகவே இருக்கிறோம்" என்று அரசாங்கக் கடிதம் மாதிரி எழுதியிருந்தாய்.

நீ இல்லாமல் ஜெயிக்க நான் பெயர் கொடுக்கவில்லை. அதை நேராகவே எழுதிவிடுகிறேன்.

கடைசி வருடம் உனக்கு நினைவிருக்கிறதா? உனக்கு இருபது, எனக்குப் பதினெட்டு. அந்த வருடம் ஜெயித்தவரைத் தலைநகரில் நடந்த பெரிய போட்டிக்கு அனுப்பினார்கள். அங்கே உன் பேச்சைக் கேட்டுத்தான் பல்கலைக்கழகத்தில் உனக்கு இடமும் விடுதியும் கிடைத்தது. அதில் எனக்குக் குறை இல்லை. நீ நன்றாகப் பேசினாய். நான் கூடத் தட்டினேன்.

ஆனால் நான் நன்றியுரை சொல்லிக்கொண்டிருக்கும்போது நீ மேடையை விட்டு இறங்கிப் போனாய். தலைவருக்கு நன்றி சொன்னேன், நடுவர்களுக்குச் சொன்னேன், மணியடித்த கடிகாரக் கடைக்காரருக்குச் சொன்னேன். திரும்பினால் பக்கத்தில் நீ இல்லை. மரப்படியில் உன் செருப்புச் சத்தம்தான் கேட்டது. முந்நூறு பேர் என்னைப் பார்த்தார்கள். அதற்கு மேல்தான் உன்னைப் பற்றிச் சொல்ல வைத்திருந்தேன். மூன்று நிமிடம் என் பேச்சைக் கேட்க உனக்குப் பொறுக்கவில்லை என்று அன்று முடிவு கட்டிக்கொண்டேன். இருபத்தொன்பது வருடமாக அந்த முடிவை மாற்ற எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

நீ வரவேண்டும். யார் ஜெயித்தாலும் சரி. நான் தோற்றால், ஒரு முறையாவது முடியும்வரை நின்று கேள். எனக்கு அது போதும்.

குளிரில் வெளியே போகாதே. அத்தானிடம் கேட்டதாகச் சொல்.

வாலு


மார்ச் 20

அன்புள்ள வாலு,

பதில் தாமதமாகிவிட்டது. உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன்.

அன்று நான் இறங்கிப் போனது உன் பேச்சைக் கேட்கப் பிடிக்காமல் அல்ல. அதற்கு மேல் இப்போது எழுத வரவில்லை. எழுதத் தொடங்கி நான்கு தாளைக் கிழித்தேன்.

ஆகஸ்டில் என்னால் வர முடியாது. காரணம் கேட்காதே. போன் செய்யவும் வேண்டாம். லைன் அடிக்கடி கெட்டுப்போகிறது.

உன் இருமல் குறைந்ததா? தொண்டையை மட்டும் அலட்சியமாக விடாதே.

அக்கா


மார்ச் 29

அக்கா,

சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன்.

உன் லைன் கெட்டுப்போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன். அத்தான் எடுத்தார். "அவ தூங்குறாம்மா" என்றார். அவர் பக்கத்தில் யாரோ மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. பஸ் இரைச்சலுக்கு நடுவே வேலை செய்கிறவள் நான். எனக்குக் காது நன்றாகவே கேட்கும். அது நீதான். "அக்கா, நீ அங்கதான் நிக்கிறே. ஒரு வார்த்தை பேசேன்" என்றேன். நீ பேசவில்லை. அத்தான் போனை வைத்துவிட்டார்.

அன்று இறங்கிப் போனாய், இன்று போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். உன் குரல் உனக்கு அவ்வளவு உசத்தியாகிவிட்டதா? மேடையில் முந்நூறு பேருக்கு வாரி வழங்கியவளுக்குக் கூடப் பிறந்தவளுக்கு ஒரு "ஹலோ" சொல்ல மனசு வரவில்லையா? தோற்றுப் பழகியவர்களுக்குத் தோற்கவாவது தெரியும். ஜெயித்தே பழகியவர்களுக்கு எதுவும் தெரிவதில்லை.

நீ வரவேண்டாம். இனி போனும் செய்ய மாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

வாலு


ஏப்ரல் 24

அன்புள்ள மைத்துனிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க நினைத்தேன். முதல் பாதி பொய்யாகிவிடும் என்பதால் விட்டுவிட்டேன். நான் கடிதம் எழுதிப் பழகாதவன். லிஃப்ட் பழுதுபார்ப்பவனுக்கு ரிப்போர்ட் எழுதத்தான் தெரியும். அப்படியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

போன வருடம் நவம்பரில் உன் அக்காவுக்குக் குரல் கம்மியது. டிசம்பரில் குரல்வளையில் கட்டி என்று சொன்னார்கள். மருந்து, கதிர் வைத்தியம் எல்லாம் பார்த்தோம். ஜனவரியிலிருந்து அவளுக்குக் காற்றுதான் வந்தது, சத்தம் வரவில்லை. ஏப்ரல் 6-ஆம் தேதி குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கட்டி முழுவதும் போய்விட்டது என்கிறார் டாக்டர். கழுத்தில் ஒரு துளை வைத்திருக்கிறார்கள், அதன் வழியாக மூச்சு விடுகிறாள். இனிப் பேச்சு இல்லை.

உன்னிடம் சொல்லக் கூடாது என்று ஜனவரியிலேயே எழுதிக் காட்டினாள். "அவ போட்டிக்குப் பேர் குடுத்திருக்கா. தெரிஞ்சா வாபஸ் வாங்கிடுவா." இதுதான் அவள் எழுதியது. அந்தச் சீட்டை வைத்திருக்கிறேன்.

மார்ச்சில் அந்த ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது அவள் என் பக்கத்தில்தான் நின்றாள். ரிசீவரில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். உன் குரல் கேட்க வேண்டும் என்று அவளே வந்து நின்றாள்.

உன் மார்ச் கடிதம் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள் காலையில் வந்தது. படித்தாள். பையில் வைத்துக்கொண்டாள். திரும்பி வந்த பிறகும் அது தலையணைக்கு அடியில்தான் இருக்கிறது. நான் இதை எழுதியது அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் என்னை ஏச வாயில்லை, ஆனால் கையில் பென்சில் இருக்கிறது.

உன் உடம்பைக் கவனித்துக்கொள்.

அத்தான்


மே 6

அன்புள்ள அக்கா,

அத்தான் எழுதிவிட்டார். அவரை ஒன்றும் சொல்லாதே. நீ எப்படி இருக்கிறாய்? தையல் ஆறிவிட்டதா? சாப்பிட முடிகிறதா?

மார்ச்சில் நான் எழுதியதைப் பற்றி இங்கே எதுவும் எழுதப்போவதில்லை. எழுதினால் அது இன்னொரு பேச்சாகிவிடும். அந்தக் கடிதத்தைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துக் கிழித்துப் போடு. எனக்காகச் செய்.

இதோடு ஒரு கேசட் வருகிறது. அந்தக் கடைசிப் போட்டிக்கு அப்பா யாரிடமோ டேப் ரிக்கார்டர் இரவல் வாங்கி வந்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே, நினைவிருக்கிறதா? அப்பா போன பிறகு அவர் பெட்டியோடு இது என்னிடம் வந்தது. நான் ஒரு நாளும் போட்டுக் கேட்டதில்லை. தோற்றதை நானே எதற்குத் திரும்பக் கேட்க வேண்டும்? இப்போது தேடி எடுத்தேன். உன் குரல் இருப்பது உலகத்தில் இது ஒன்றில்தான் என்று தோன்றியது.

நாடா பழசாகிவிட்டதால் அறிவிப்பு அறையிலிருக்கும் இரட்டை டேப்பில் ஒரு பிரதி எடுத்தேன். டிக்கெட் பரிசோதகர் எட்டிப் பார்த்தார். "யாருங்க இது, ரேடியோவா?" "எங்க அக்கா." "இப்ப எங்க பேசுறாங்க?" பன்னிரண்டு மணி பஸ்ஸை ஒரு நிமிடம் தாமதமாக அறிவித்தேன். இருபத்திரண்டு வருடத்தில் அதுதான் முதல் முறை.

உன் பேச்சு முழுவதும் இருக்கிறது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் பிரதி எடுத்தேன். ஒரு நொடிகூட வெட்டவில்லை. அதன் பிறகு என் நன்றியுரையும் இருக்கிறது. வேண்டாம் என்றால் அந்த இடத்தில் நிறுத்திவிடு.

போட்டியிலிருந்து பெயரை எடுத்துவிட்டேன். நல்ல ஓய்வு எடு.

வாலு


ஜூன் 18

அக்கா,

சுகமா? கேசட் வந்து சேர்ந்ததா? உடையாமல் வந்ததா? "வந்தது" என்று ஒரு வார்த்தை போதும். இருமல் எனக்கு நின்றுவிட்டது.

வாலு


ஜூலை 14

அன்புள்ள வாலு,

கேசட் மே மாதமே வந்தது. உடையவில்லை. தையல் ஆறிவிட்டது. கஞ்சி மாதிரி எதையாவது குடிக்கிறேன். குளிக்கும்போது கழுத்துத் துளையில் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே இப்போது உண்மையிலேயே குளிக்க வெகுநேரமாகிறது.

உன் கடிதத்தில் அந்த இரண்டு வாக்கியங்களைப் படித்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பிரதி எடுத்தாய். ஒரு நொடிகூட வெட்டவில்லை. அப்படியானால் நீ எண்ணியிருக்கிறாய். உன் வேலையே அது. அதனால்தான் இரண்டு மாதமாக எழுதாமல் இருந்தேன். நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அன்று நான் பேசியது எட்டு நிமிடம் இருபது நொடி. மணி ஒரு முறைகூட அடிக்கவில்லை.

மண்டபத்தின் பின்சுவரில் இருந்த பெரிய கடிகாரம் எனக்கு நேர் எதிரே இருந்தது. ஏழு தாண்டியது எனக்குத் தெரியும். மணிக்காரரைப் பார்த்தேன். வாயைத் திறந்தபடி, கையை மணி மேல் வைத்து, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊர்க் கடிகாரங்களையெல்லாம் திருத்துகிறவர் நேரத்தை மறந்துவிட்டார். நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமல் என் சிறந்த பத்தியைச் சொன்னேன். நடுவர்கள் மணியை நம்பினார்கள், மணி என்னை நம்பியது. விதிப்படி நான் நீக்கப்பட வேண்டியவள். பரிசு உன்னுடையது. தலைநகர் உன்னுடையது. பல்கலைக்கழகம், விடுதி, அதன் பிறகு வந்தது எல்லாம் எவ்வளவு தூரம் உன்னுடையது என்று என் தொழிலில் இருப்பவர்களால்கூடக் கணக்கிட முடியாது.

முடிவு அறிவித்தபோது, எல்லோரும் போன பிறகு செயலாளரிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பிறகு நீ நன்றியுரைக்கு வந்தாய். "நொடி தவறாம மணி அடிச்ச ஐயாவுக்கு நன்றி" என்றாய். உனக்குத் தெரியும், வேண்டுமென்றே எல்லோர் முன்னாலும் என்னைக் குத்துகிறாய் என்று நினைத்தேன். அதனால்தான் இறங்கிப் போனேன். அன்று முதல் நீ என்னிடம் சிரித்துப் பேசிய ஒவ்வொரு முறையும், தெரிந்துகொண்டே சொல்லாமல் இருக்கிறாள் என்றுதான் எண்ணினேன். என்னை மன்னித்துவிட்டாய் என்று சில வருடம் நம்பினேன். தண்டிக்கிறாய் என்று சில வருடம். பிப்ரவரியில் உன் கடிதம் வந்தபோதுதான், உனக்குத் தெரியவே தெரியாது என்பது எனக்குத் தெரிந்தது. அதைப் படித்த அன்று சத்தமாக அழ வேண்டும் போலிருந்தது. அதற்குள் சத்தம் போய்விட்டிருந்தது.

கேசட்டைப் போட்டேன். என் குரலை அரை நிமிடம்தான் பொறுத்துக்கொள்ள முடிந்தது. அந்தப் பெண்ணை எனக்குப் பிடிக்கவில்லை, வாலு. நாடாவை முன்னால் ஓட்டி உன்னிடம் வந்தேன். தலைவருக்கு நன்றி. நடுவர்களுக்கு. மணியடித்தவருக்கு. பிறகு மரப்படியில் என் செருப்பு. ஒன்பது அடி, எண்ணினேன். பிறகு நீ பேசாமல் நின்ற இடம். அது நான்கு நொடி. நாடாவின் இரைச்சல் மட்டும். பதினெட்டு வயதில் அந்த நான்கு நொடியை நீ எப்படித் தாங்கினாய்?

அப்போது நீ சொன்னாய்:

"அடுத்து எங்க அக்காவுக்கு. அக்கா தண்ணி குடிக்கப் போயிருக்காங்க. அப்படிப் பேசினா தொண்டை காயத்தானே செய்யும்!"

கூட்டம் சிரிக்கிறது. நான் விட்டுப் போனதை ஒரு வேடிக்கையாக்கி மூடிவிட்டாய்.

"எங்க வீட்ல ஒரே ஒரு கண்ணாடிதான். அதுக்கு முன்னால அக்கா பேசிப் பழகுவாங்க. நான் கதவுக்கு வெளியில நின்னு கேப்பேன். என்னைத் தோக்கடிக்கத்தான் பழகுறாங்கன்னு தெரியும். தெரிஞ்சும் கேப்பேன். இன்னைக்குக்கூட மணி அடிச்சிடக் கூடாதேன்னு நினைச்சிட்டே இருந்தேன். கடிகாரத்தைப் பார்க்கவே மறந்துட்டேன். அவ்வளவுதான். எல்லாருக்கும் நன்றி."

"அக்கா தண்ணி குடிக்கப் போயிருக்காங்க" என்ற இடத்தில் நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். மேசை மேல் டேப், அதற்கு முன்னால் நான். கைதட்டல் ஓயும் வரை நின்றேன். அத்தான் உள்ளே வந்து, "ஏன் நின்னுட்டிருக்கே, உட்காரு" என்றார். கையைக் காட்டி அவரையும் பேசாமல் இருக்கச் சொன்னேன்.

செயலாளருக்கு எல்லாவற்றையும் எழுதித் தனிக் கடிதம் தயாராக வைத்திருக்கிறேன். ஏட்டில் என் பெயரை அடித்துவிட்டு உன் பெயரை மேலே எழுதச் சொல்லியிருக்கிறேன். நீ சம்மதித்தால் அனுப்புகிறேன். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஆகஸ்ட் 27

அன்புள்ள அக்கா,

நான் சுகம். நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று அத்தான் தனியாக எழுதட்டும்; நீ எழுதினால் குறைத்து எழுதுவாய்.

கோபம் இல்லை என்று எழுதினால் நம்ப மாட்டாய். மே மாதம் அந்தக் கேசட்டைக் கட்டி விலாசம் எழுதியதும் இரண்டு நாள் மேசையில் வைத்திருந்தேன். அனுப்பாமல் விடலாமா என்று பார்த்தேன். அந்த இரண்டு நாளும் ஒவ்வொரு பஸ்ஸின் பெயரைச் சொல்லும்போதும், இந்த அறையில் நான் ஏன் உட்கார்ந்திருக்கிறேன் என்று கேட்டுக்கொண்டேன். மூன்றாம் நாள் அனுப்பினேன். உன் குரலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

செயலாளருக்கு எதுவும் அனுப்பாதே. காரணம் சொல்கிறேன்.

ஐம்பதாம் ஆண்டு விழா போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. பெயரை எடுத்துவிட்டேன் என்றதும் செயலாளர் விடவில்லை. மணிக்காரருக்குத் தொண்ணூறு வயது, கை நடுங்குகிறது. "நேரம் பார்க்குறதுல உங்களைவிட யாரு?" என்று மணியை என்னிடம் கொடுத்துவிட்டார். மணிக்காரரை என் பக்கத்திலேயே ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். "ஐயா, எப்பவாவது மணி அடிக்க மறந்திருக்கீங்களா?" முதுகை நிமிர்த்தினார். "நாப்பது வருஷம்மா. ஒரு தடவைகூட விட்டதில்ல." "ஆமாங்க ஐயா" என்றேன். உன் கடிதம் போனால் அவருக்கு மிஞ்சியிருக்கும் இந்த ஒன்றும் போய்விடும். அன்று நடந்தது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.

ஐந்தாவதாக ஒரு பெண் பேச வந்தாள். பல வருடங்களுக்கு முன் இரண்டாம் இடம் வந்தவள். இப்போது ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாளாம், முப்பது வயது இருக்கும். அப்படி ஒரு பேச்சை நான் கேட்டு வெகுநாளாகிறது. ஆறாவது நிமிடத்தில் ஒரு மணி அடித்தேன். ஏழில் இரண்டு. அவள் முடிக்கவில்லை, முடிக்க முடியாத இடத்தில் இருந்தாள். மண்டபத்தில் யாரும் அசையவில்லை. ஏழரை தாண்டியது. சீட்டில் "நீக்கம்" என்று எழுதி நடுவர்களிடம் கொடுத்தேன்.

முடிவு சொன்னார்கள். அவள் பெயர் இல்லை. நன்றியுரை முடியும்வரை அவள் சுவரோரம் நின்றே கேட்டாள், அழுதுகொண்டுதான். எல்லோரும் போனதும் என்னிடம் வந்தாள். "நீங்க சரியாத்தான் அடிச்சீங்க. எனக்குத்தான் நிறுத்த முடியல" என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இருபத்தொன்பது வருடத்துக்கு முன் நீ பேசிக்கொண்டிருந்தபோது அந்த மணி என் கையில் இருந்திருந்தால் அடித்திருப்பேனா என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். வீடு வந்துவிட்டது. விடை வரவில்லை.

அடுத்த மாதம் எனக்குப் பத்து நாள் விடுப்பு. அங்கே வருகிறேன். உன் பென்சிலைச் சீவி வை. இருபத்தொன்பது வருடத்துப் பேச்சு என்னிடம் பாக்கி இருக்கிறது, ஏழு நிமிடத்தில் அடங்காது.

நீ நிற்க வேண்டாம். உட்கார்ந்தே கேள்.

வாலு